ஸ்டெப்னி இல்லாத வண்டியும் சாய்ந்து ஏறிய ஆணியும்

“…அழிக்கிறதுன்னா அழிச்சுக்கங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்தப் புழு வந்து எறங்கட்டும். தின்னட்டும், தூங்கட்டும், கூடு கட்டட்டும். அதுக்கு முன்னாடி மல்பெரிச் செடி ஒண்ணு மேல கை வச்சீங்கன்னா, அப்புறம் நான் பேச மாட்டேன், எங்கண்ணன் வந்துதான் பேசுவாரு. வண்டி பாப்பாரப்பட்டி தாண்டிருச்சு. வைங்க போன.”

வைக்கச் சொன்னவரே முதலில் வைத்துவிட்டார். நான் ஓட்டிய வேனில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் வீட்டுக்காரரிடம் இப்படிப் பேசியவர் பெயர் சகாயமேரி. இண்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். போனை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, பின்னால் திரும்பி, அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தார். பஸ்ஸில் தூங்குகிற குழந்தையின் தலை சரிந்திருக்கிறதா என்று பார்ப்போமே, அந்தப் பார்வை.

தட்டுகளில் இருந்தவை பட்டுப்புழுக்கள். உங்களில் சிலர் இப்போதுதான் டிரைவராக இந்தப் புழு ஓட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள், சிலர் கார் ஓட்டப் போகிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டை பொரிந்த புழுவை நேராக விவசாயியிடம் கொடுப்பதில்லை. முதல் கொஞ்ச நாள் ஒரு மையத்தில் வளர்த்து, இரண்டாவது தடவை தோலுரிக்கப் படுத்திருக்கும்போதுதான் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவார்கள். பாலக்கோடு பக்கம் அப்படி ஒரு மையத்துக்கு நான் வேன் ஓட்டினேன், ஓய்வு பெறும் வரை. தோலுரிப்பதை எங்கள் பக்கம் ஜொரம் என்பார்கள். கன்னடம் பேசும் குடும்பங்கள் வழியாக வந்த சொல். புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர், “ஜொரம் வந்த புழுவ எதுக்குங்க விக்கிறீங்க, நல்லதா பாத்துக் குடுக்கலாமில்ல?” என்று முதலாளியிடமே கேட்டுவிட்டார். ரொம்ப நாளைக்கு அவரை எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

ஜொரத்தில் கிடக்கும் புழு தின்னாது, நகராது, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி இருக்கும். அந்த அமைதி இருக்கும்போதே, வெயில் ஏறுவதற்குள், புழு வளர்க்கும் வீட்டில் அதைச் சேர்த்துவிட வேண்டும். சூடு பட்டால் அன்றைக்கே சாகாது. நோயை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, கூடு கட்டப் போகிற சமயத்தில் காட்டும். அத்தனை நாள் இலை வெட்டிப் போட்ட உழைப்பு அப்படியே குப்பைக்குழிக்குப் போகும்.

சகாயமேரிக்கு முந்தின தடவை அப்படித்தான் போயிருந்தது. சூட்டினால் அல்ல, வேறு நோய். அவர் வீட்டுக்காரர் அந்தோணி நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துவிட்டார். மல்பெரியைப் பிடுங்கிவிட்டுக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வைத்துவிடலாம், கிழங்குக்கு ஜொரமும் வராது, இலையும் கேட்காது என்பது அவர் கட்சி. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்பது மேரியின் கட்சி. அந்த ஒரு தடவைதான் என் வண்டிக்குள் இருந்தது. வழக்கமாக விவசாயிகள் யாரும் வேனில் ஏறி வரமாட்டார்கள், நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். மேரி மட்டும் முதல் பஸ்ஸைப் பிடித்து மையத்துக்கே வந்துவிட்டார். “வழியில நீங்க எங்கயாச்சும் டீக்கு நின்னு பேசிட்டு இருப்பீங்க. உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்” என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை.

வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. மாற்று டயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு வரிசைத் தட்டு அடுக்கலாம் என்று முதலாளி அதைக் கழற்றி மையத்தின் மூலையில் சாய்த்து வைத்திருந்தார். நான் கேட்டதற்கு, “ஸ்டெப்னி சும்மாதானே தூங்கிட்டு வருது? அந்த எடத்துல புழு தூங்கிட்டு வரட்டும்” என்றார். பேச்சு என்னமோ அழகாகத்தான் இருந்தது. அழகான பேச்சுக்கு மயங்குகிறவன் நான், அதனால் சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்துக்கொண்டே யோசிக்கவும் செய்தேன். இன்றைக்கு உங்களுக்கு அந்த யோசனை இன்னும் அதிகமாக வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் கம்பெனியே ஸ்டெப்னி வைப்பதில்லை. ஒரு பாட்டில் பசையும் ஒரு சின்னக் காற்றுப் பம்ப்பும் கொடுத்து அனுப்புகிறார்கள். கேஸ் சிலிண்டர் மாட்டிய வண்டியில் டிக்கியில் இடமே இருக்காது. ஆகவே, இருந்தால் நல்லது என்று புலம்புவதை விட்டுவிட்டு, இல்லாமல் எப்படிப் போவது என்று பார்க்க வேண்டியதுதான்.

நான் இந்த விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொப்பூரில் ஒரு புரோட்டாக் கடையில், பக்கத்து மேசையிலிருந்து வந்தது. ஒரு லாரி டிரைவர், பெயர் தெரியாது, முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை, எதிரில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒருத்தனுக்கு எறக்கத்துல டயர் போச்சு. ரிம் கெட்டுருமேன்னு அங்கயே நிறுத்தி, எறங்கிக் குனிஞ்சு பாத்தான். டயரக் காப்பாத்த ரோட்டுல நின்னவன நான் பாத்திருக்கேன். அடுத்த நாள் பாக்கல.” சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சால்னா கேட்டார். எனக்குத்தான் கை அப்படியே நின்றுவிட்டது. தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வருகிற லாரிக்கு நாம் நிற்கிறோம் என்பது தெரியும்போது, அதனால் நிற்க முடியாது. ரிம் நசுங்கினால் நசுங்கட்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தாவது, அகலமான சமதளத்துக்குப் போய்த்தான் நிற்க வேண்டும். பஞ்சருக்குத் தயாராவது என்பதில் முதல் வேலை எங்கே நிற்பேன் என்று தெரிந்து வைத்துக்கொள்வது. அன்றிலிருந்து எந்த ரோட்டில் போனாலும் ஒரு கண் அதைத்தான் தேடும். இங்கே நிற்கலாம், இங்கே கூடாது, இந்த மர நிழல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று.

அதோடு ஒரு பழக்கம்: எங்கே நின்றாலும் இறங்கி நாலு டயரையும் உள்ளங்கையால் தொட்டுவிடுவேன். சூடு அதிகமாக இருந்தால் காற்று குறைகிறது என்று அர்த்தம். மையத்தில் என்னைக் கேலி செய்வார்கள், “அண்ணன் டயருக்கு நாடி பாக்குறாரு” என்று. பாட்டுப் பெட்டியும் போடமாட்டேன். இண்டூரில் பஞ்சர்க் கடை வைத்திருக்கும் மாது சொன்ன வார்த்தை அதற்குக் காரணம்: “டயரு பேசுதுங்க. நீங்க பாட்ட நிறுத்துனாத்தான் கேக்கும்.” சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. அதில் பஞ்சர் ஒட்டும் ரப்பர் நார், அதைச் சொருகுகிற ஊசி, குறடு, பம்ப்பு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. கூடவே ஒரு கேன் தண்ணீரும் ரெண்டு சாக்கும். சாக்கு டயருக்கு இல்லை, உள்ளே இருக்கிற சரக்குக்கு. இதையும் மறக்காதீர்கள். ஸ்டெப்னி இல்லாதவன் நிற்கிற நேரம் கூடும். அவ்வளவு நேரமும் உள்ளே இருப்பது தாங்க வேண்டும், அது புழுவோ, நோயாளியோ, பரீட்சைக்குப் போகிற பிள்ளையோ.

அன்றைக்கும் டயர்தான் முதலில் பேசியது. பாப்பாரப்பட்டி தாண்டி, இண்டூர் போகிற ரோட்டில், பின் இடது பக்கம் டிக், டிக் என்று சத்தம். வேகம் கூட்டினால் சத்தமும் வேகமானது. கல்லாக இருந்தால் கொஞ்ச தூரத்தில் தெறித்துவிடும். இது தெறிக்கவில்லை. சமதளமாக, புளியமர நிழல் ரோடு வரைக்கும் விழுந்திருந்த இடமாகப் பார்த்து ஓரம் கட்டினேன். முட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், தடித்த ஆணி ஒன்று. தகரக் கூரைக்கு அடிக்கிற சாதி. தலை ரோட்டில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காற்று போகவில்லை. டயர் கல்லு மாதிரி இருந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால், அந்த ஆணியே பல சமயம் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். பிடுங்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடலாம். எனக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. இண்டூர் அதிக தூரமில்லை. மாதுவுக்கு ஒரு போன் போட்டு, கடையைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு ஊர்ந்து போய்விட வேண்டியதுதான்.

மேரியும் இறங்கி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “ஆணியாங்க?”

“ஆணிதான். இருக்கட்டும்மா” என்றேன். அந்த இடத்தில் போன் விட்டு விட்டுக் கேட்டது. ரோட்டோரமாகத் திருப்பம் வரைக்கும் நடந்து போனேன்.

மாது எடுத்தார். “வாங்க வாங்க, தெறந்து வைக்கிறேன். நானே வந்துருப்பேன், ஆனா பையன் வண்டிய எடுத்துட்டுத் தருமபுரி போயிட்டான். பாத்து, ஆணிய மட்டும் தொட்டுறாதீங்க.”

“எனக்கே சொல்றியா மாது?” என்று கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை, பின்னால் உஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம்.

திரும்பி ஓடினேன். மேரி சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, குறடை எடுத்து, ஆணியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் காரியம் முடித்த திருப்தி. டயர் எங்கள் கண் முன்னாலேயே தரையோடு தரையாகப் படுத்தது. அந்தத் திருப்தியும் கூடவே இறங்கியது.

“என்னம்மா பண்ணிட்டீங்க!”

“புடுங்கினேங்க.”

“இருக்கட்டும்னு சொல்லிட்டுத்தானே போனேன்?”

“சொன்னீங்க. இருக்கட்டும்னு சொல்றவங்கள நான் நம்புறதில்லைங்க, டிரைவரண்ணா.” பார்வை இறங்கவில்லை. “போன தடவ ஒரே ஒரு புழு வெள்ளையா வெறச்சுக் கெடந்துச்சு. எடுத்து வெளிய போடுங்கன்னேன். ‘ஒண்ணுதானே, இருக்கட்டும்’னாரு எங்க வூட்டுக்காரரு. மறுநா பாத்தா பக்கத்துல பத்து. அப்புறம் தட்டுத் தட்டா சுண்ணாம்புக் கட்டியா ஆயிப்போச்சு. கெட்டது கண்ணுல பட்டா அந்த நிமிஷமே எடுத்துறணும்னு நான் வச்சிருக்கேன்.”

என் நாக்கு நுனியில் நல்ல காரமான பதில் ஒன்று இருந்தது. எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் சொன்னதில் தப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவருடைய தொழிலில் கெட்டதைக் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். என்னுடைய தொழிலில் நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பேரும் அவரவர் தொழிலைச் சரியாகத்தான் செய்தோம். நடுவில் ‘இருக்கட்டும்’ என்ற ஒரே வார்த்தை காரணம் இல்லாமல் நின்றது. தக்கை மாதிரி நிற்கிறது, எடுத்தால் காற்று போய்விடும் என்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால், அந்தக் குறடு பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

கோபப்படுவதற்கு இண்டூர் போன பிறகு நேரம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். முதலில் சரக்கு. வண்டியின் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டேன். சாக்கை நனைத்து வெயில் வரப்போகிற பக்கமாகக் கதவில் தொங்கப் போட்டேன். தட்டுகளை இறக்கி மரத்தடியில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, மேரி மரத்தின் அடியைக் காட்டினார். கட்டெறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. “அதுக்குப் பந்தி வச்ச மாதிரி ஆயிரும்” என்றார். தட்டுகள் வண்டியிலேயே இருந்தன.

பிறகு டயர். ஓட்டையில் ஊசியைக் குத்தி, ரப்பர் நாரைச் சொருகினேன். பாதியில் நிற்க வேண்டிய நார் அப்படியே வழுக்கி உள்ளே போய்விட்டது. அடுத்த நாரைச் சொருகி, பம்ப்பைப் போட்டு, எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன். குமிழி குமிழியாக வந்தது. இந்த நிலையில் ஓட்டினால் இண்டூர் வராது, நடுவில் மரமே இல்லாத இடத்தில் நிற்போம். பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே தடவைக்கான நார்.

மேரி மேல்தட்டின் காகிதத்தை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்தார். “எந்திரிக்க ஆரம்பிச்சிருச்சுங்க” என்றார் மெதுவாக. நானும் எட்டிப் பார்த்தேன். நிறையப் புழுக்கள் சிலையாகத்தான் இருந்தன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள் அசைந்து எதையோ தேடின.

அப்போதுதான் டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “என்னாங்க, படுத்துருச்சா?” என்றார்.

ஜன்னலில் இருந்த பெரியவர் ஒருவர், “டயருதான் படுத்துருக்குது, டிரைவரு நல்லா நிக்கிறாரு பாரு” என்றார். பஸ் சிரித்தது.

மேரி சிரிக்கவில்லை. “இண்டூர் போவுதுங்களா? தட்டு ஏத்திக்குவீங்களா?” என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, “நான் இதுலயே போயிடறேங்க. கண்ணு முன்னாடி வண்டி நிக்குது” என்றார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில்தான் டிரைவருக்குச் சபலம் வரும். ஏற்றி அனுப்பிவிட்டால் பொறுப்பு என் தலையிலிருந்து இறங்கிவிடும். அதன்பிறகு டயரை நிதானமாகப் பார்க்கலாம். என் மேல் தப்பு இல்லை என்று முதலாளியிடமும் சொல்லலாம். ‘உங்க இஷ்டம்மா’ என்று இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும். வேண்டாம் என்றும் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடலாம். இரண்டும் செய்யக்கூடாது என்று தோன்றியது. ஒரு தடவை சுருக்கமாகப் பேசியதற்குத்தான் டயர் படுத்திருக்கிறது.

“அம்மா, நான் சொல்றதக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க” என்றேன். “பஸ்ஸு இண்டூரோட சரி. அங்கிருந்து உங்க ஊருக்கு ஆட்டோ தேடணும், அது வெயில்ல நிக்கிற நேரம். பஸ்ஸுல நிக்கவே எடமில்ல, தட்டு மடியில சாயும். இங்க நெழல் இருக்குது, ஈரச் சாக்கு இருக்குது. என்கிட்ட இன்னும் ஒரு தடவைக்கு நார் இருக்குது. அதுவும் நிக்கலன்னா, வர்ற வண்டி எதையாச்சும் மறிச்சு, உங்க வாசல் வரைக்கும் நானே கூட வந்து எறக்குறேன். புழுவப் பத்தி எனக்குத் தெரியாது. எந்திரிச்சது பசியில எவ்வளவு நேரம் தாங்கும்னு நீங்கதான் சொல்லணும்.”

மேரி யோசித்தார். “எல்லாம் எந்திரிக்கிற வரைக்கும் இலை போடக் கூடாதுங்க. போட்டா முன்ன பின்ன வளந்துரும், ஒண்ணா கூடு கட்டாது. பசிக்குப் பயமில்ல. சூட்டுக்குத்தான் பயம்.” இதைச் சொல்லும்போதே கண்டக்டர் பக்கமாக முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்தார். “அண்ணே, வாயில பொகையிலையா?”

“ஆமா, ஏன்?”

“புழுவுக்கு ஆவாதுங்க. நீங்க போங்க.”

“என் வாய்க்கும் உன் புழுவுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டுக்கொண்டே அவர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. ரோடு அமைதியானது. இருந்த ஒரு வழியை நான் பேசிப் பேசியே அனுப்பிவிட்டேன், இனி கையில் இருக்கிற நார் நின்றாக வேண்டும்.

பழைய நாரைக் குறடால் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஊசியை எடுத்து மறுபடி குத்தினேன். ஏறவில்லை. முழு எடையையும் போட்டு அழுத்தினேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்த மேரி, “நீங்க நேராக் குத்துறீங்க” என்றார்.

“நேராத்தாம்மா குத்தணும்.”

“அது நேரா வரலைங்களே. புடுங்கும்போது சாஞ்சுக்கிட்டு வந்துச்சு. நான் கூட மொதல்ல நேரா இழுத்தேன், வரவே மாட்டேன்னுருச்சு. அப்புறம் வண்டி மூக்குப் பக்கமா சாச்சு இழுத்தேன், சரக்குன்னு வந்துருச்சு. இதப் பாருங்க.” ஆணி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதை ஓட்டைக்கு நேரே பிடித்து, சாய்வைக் காட்டினார். கூரைச் சரிவு போல அவ்வளவு சாய்வு.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் நார் ஏன் வழுக்கியது, இரண்டாவது ஏன் குமிழி விட்டது எல்லாம். ஓட்டை ஒரு பக்கம் போகிறது, நான் வேறு பக்கம் குத்திக் குத்தி இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆணி எந்தச் சாய்வில் இருந்தது என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். நான் திட்டியிருந்தால் அந்த ஆள் சீட்டில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் நேராகவே குத்திக்கொண்டிருந்திருப்பேன்.

“அப்படியே புடிங்க, கைய எடுக்காதீங்க” என்றேன். அவர் காட்டிய சாய்வைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தினேன். வெண்ணெயில் போவது போல் போனது. மிச்சமிருந்த நாரை இரட்டையாக மடித்துச் சொருகி, பாதியில் நிறுத்தி, ஊசியை உருவினேன். பம்ப்பு உறுமியது. டயர் எழுந்தது. எச்சிலைத் தொட்டு நான் வைக்கப் போகும் முன், மேரியே தன் விரலில் எச்சில் தொட்டு வைத்தார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டப் பார்த்தோம். குமிழி இல்லை.

“மாதாவே” என்றார். அவ்வளவுதான். எழுந்து சாக்கைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். நடுவில் நிழல் பார்த்து நிறுத்தி, டயரைத் தொட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை ஏன் நிற்கிறேன் என்று நிற்பதற்கு முன்பே சொன்னேன். இண்டூரில் மாது கடை வாசலிலேயே நின்றார். குனிந்து நாரைத் தடவிப் பார்த்து, காற்றை அளந்துவிட்டு, “நிக்கும், போங்க. திரும்பி வர்றப்ப உள்பக்கமா ஒட்டிக்கலாம். யாரு சொருகுனது?” என்றார்.

“ரெண்டு பேரு.”

“ஒரு ஓட்டைக்கு ரெண்டு பேரா?”

“ஒருத்தரு புடுங்குனாங்க, ஒருத்தன் சொருகுனேன்.”

மாது மேரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். நல்ல தொழிலாளி. எங்கே கையை வைக்கக் கூடாது என்பது தெரிந்தவர்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். நாரும் பம்ப்பும் கடையில் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொருகுவதை வீட்டில் பழைய டயரில் பழகிக்கொள்ளுங்கள், ரோட்டில் பழகாதீர்கள். போகிற வழியில் எந்தக் கடை எப்போது திறக்கும் என்று விசாரித்து வையுங்கள். இவ்வளவும் பாதிதான். மீதிப் பாதி உங்கள் வண்டியில் உட்கார்ந்து வருகிறவர். ஸ்டெப்னி இல்லை என்பதை ஏறும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். டயர் போனால் என்ன செய்வோம், அவர் என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது, ஏன் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். பயந்துவிடுவாரே என்று மறைக்காதீர்கள். விஷயம் தெரிந்து பயப்படுகிறவர் உதவிக்கு வருவார். தெரியாமல் பயப்படுகிறவர் குறடை எடுப்பார். அப்படியே எடுத்துவிட்டாலும், வாயை அடக்கிக்கொண்டு, அவர் கண்டதைக் கேளுங்கள். நமக்குத் தேவையான ஒரு விவரம் அவர் கையில் இருக்கலாம். அன்றைய தேதியிலிருந்து என் வண்டியில் ஏறிய எல்லோரும் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் உட்கார்ந்தார்கள். “விமானத்துல சொல்ற மாதிரி சொல்றாரு” என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்கள்.

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, ஆனால் சுடவில்லை. அந்தோணி வாசலில் நின்றார். மல்பெரித் தோட்டத்துக்குள் போகிற வரப்பின் வாயில், நடுவதற்கு வெட்டிய குச்சிக்கிழங்குக் குச்சிகள், கயிற்றால் கட்டிய ஒரு பெரிய கட்டு, ஈரத் துணி போட்டு மூடி வைத்திருந்தது. செடி மேல் கை வைக்க வேண்டாம் என்ற பேச்சை மனிதர் காப்பாற்றியிருந்தார். ஆனால் குச்சியை வாங்கி வந்துவிட்டார்.

மேரி அதைப் பார்த்தார். மூன்று பேரும் தட்டுகளைப் புழுவூட்டுக்குள் இறக்கினோம். உள்ளே சுண்ணாம்பு தெளித்து, கழுவி, ஜன்னலுக்கு வலை கட்டி, குளுகுளுவென்று வைத்திருந்தார்கள். அந்த வேலையில் பாதி அந்தோணியுடையதுதான் என்று அவர் கை வெள்ளையாக இருந்ததிலிருந்து தெரிந்தது. மேரி ஒவ்வொரு தட்டின் காகிதத்தையும் விலக்கிக்கொண்டே போனார். கடைசித் தட்டு வரைக்கும் விலக்கிவிட்டு நிமிர்ந்தார். தட்டு முழுக்கத் தலைகள் அசைந்தன. சின்னஞ்சிறு வாய்கள் ஒன்றுமில்லாத காகிதத்தைத் தடவித் தடவிப் பார்த்தன.

அந்தோணி ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். பிறகு, “எல்லாம் உசுரோடதான் இருக்குது மேரி. ஆனா இன்னும் எத்தன நாளு இருக்குது. நடுவுல மறுபடியும் ஏதாச்சும் ஆச்சுன்னா? குச்சி வேற காஞ்சு போயிரும், எதுக்கும் ஓரமா ரெண்டு வரிசையாச்சும் நட்டு வச்சிரலாமா?” என்று கேட்டார். கேட்டதில் வீம்பு இல்லை, பயம்தான் இருந்தது.

மேரி கூரை இடுக்கில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவி இடுப்பில் வைத்துக்கொண்டார். நேராக வரப்புக்குப் போனார். குச்சிக் கட்டின் கயிற்றைப் பிடித்துத் தரதரவென்று என் வண்டி வரைக்கும் இழுத்து வந்தார். நானும் அந்தோணியும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரே மூச்சில் தூக்கி உள்ளே போட்டார்.

“டிரைவரண்ணா, திரும்பிப் போறப்ப வண்டி சும்மாத்தானே போவுது. வழியில யாருக்காச்சும் வேணும்னா குடுத்துருங்க. காயிறதுக்குள்ள குடுங்க, பாவம், நல்ல குச்சி.”

கதவை அடித்துச் சாத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்பெரிக்குள் இறங்கி இலை வெட்ட ஆரம்பித்தார்.